ஏழையை விசாரிக்கும் படிப்பு



ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாலிபர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் இளவயதில் நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, முதலில் சுமை தூக்கியும், பின்பு தெருத்தெருவாக இட்லி விற்றும் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"ஐயா, இவளுக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இவளோ எகனாமிக்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். ஏழை நாடுகளில் வறுமையைக் குறைக்க வழி கண்டுபிடிக்கிற வேலைக்குப் போகவேண்டுமாம். நாமே ஏழைகளாயிற்றே ஐயா! நீங்கள்தாம் இவளுக்குப் புத்தி சொல்லவேண்டும்" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அந்தப் பிள்ளையே என்னிடம் ஒன்று கேட்டாள். "ஐயா, மூன்று வருடத்துக்கு முன்னால் நம்முடைய சபையில் 12 தையல் மெஷின்கள் கொடுத்தோமே, அவற்றில் இன்றைக்கு எத்தனை ஓடுகிறது?"

பிரியமானவர்களே, எனக்குத் தெரியவில்லை. மெஷின்களின் விலை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பெற்றுக்கொண்ட சகோதரிகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படமும் இருந்தது. எத்தனை மெஷின் ஓடுகிறது என்பதை மாத்திரம் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியே அவள் படிக்க விரும்பிய படிப்பின் சாரம் என்பதைப் பிற்பாடு அறிந்துகொண்டேன். அதைக் குறித்து வாசித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருக்கலாம் அல்லவா?

விசாரித்தல் என்னும் சொல்

நம் தமிழில் விசாரித்தல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கேட்டு ஆராய்ந்து அறிதல் ஒன்று, பராமரித்தல் மற்றொன்று. ஆதிச் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பங்கிடப்பட்டதையும் நம் வேதாகமம் விசாரணை என்றே அழைக்கிறது. சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறையீடு எழுந்தபோது, அதைக் கவனிக்க ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். உணவு குறைவுபட்டது என்பதல்ல அங்கு எழுந்த முறையீடு. அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று ஆராய ஆள் இல்லாதிருந்ததே குறை.

வறுமை ஒழிப்பில் பணிபுரியும் பொருளாதார அறிஞர் செய்வதும் இதுவே. யார் ஏழை, ஏன் ஏழை, நாம் கொடுப்பது அவரைச் சென்றடைகிறதா, சென்றடைந்தால் அவர் வாழ்வு மாறுகிறதா என்னும் நான்கு கேள்விகளுக்கு அவர் விடை தேடுகிறார்.

கோடு வரைந்தவர்கள்

"யார் ஏழை?" என்பது எளிய கேள்வியாகத் தோன்றும். இந்தியாவில் அதற்குக் கணக்குப் போட்டு விடை தேடிய முன்னோடி, மும்பையின் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்த தாதாபாய் நவ்ரோஜி ஆவார். 1876-ஆம் ஆண்டு அவர் பம்பாயில் இந்தியாவின் வறுமையைக் குறித்து ஒரு கட்டுரை வாசித்தார். இந்நாட்டின் விளைச்சலையும் உற்பத்தியையும் கூட்டி, தலைக்கு வகுத்துப் பார்த்தால், ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 20 ரூபாய்தான் வருகிறது என்று காட்டினார்.

அது போதுமா போதாதா என்று அறிய அவர் எடுத்துக்கொண்ட அளவுகோலைக் கவனியுங்கள். கடல் கடந்து கூலி வேலைக்குச் செல்பவர்களுக்குக் கப்பலில் கொடுக்கவேண்டியதென அரசாங்க மருத்துவ அதிகாரி வகுத்த உணவுப் படியையும், சிறைச்சாலையில் கைதி ஒருவருக்கு ஆகும் செலவையும் அவர் எடுத்துக்கொண்டார். குற்றவாளிக்கு அரசாங்கம் செலவிடும் அளவுகூட உழைத்துப் பிழைக்கும் சாதாரண இந்தியனுக்குக் கிடைக்கவில்லை என்பது அந்தக் கணக்கில் வெளிப்பட்டது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றவர்களின் சோற்றுப் படிதான் இந்திய வறுமைக் கணக்கின் தொடக்கத்தில் அளவுகோலாய் இருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

சுதந்தரத்திற்குப் பின், 1950-இல் பேராசிரியர் மகாலநோபிஸ் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று, அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு என்று கேட்டெழுதும் பணி அது. 1979-இல் ஒரு நிபுணர் குழு கிராமத்தில் நாளொன்றுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி உணவு பெறுவதற்கான செலவை அடிப்படையாக வைத்து வறுமைக்கோட்டை வரையறுத்தது. கோடுகள் பின்பு பலமுறை திருத்தப்பட்டன. 2011-இல் அன்றைய திட்டக்குழு, நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிடுகிறவர் வறுமைக்கோட்டுக்கு மேலிருப்பவர் என்ற பொருள்படும் பிரமாணப் பத்திரத்தை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தபோது நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

கோட்டை ஒரு ரூபாய் மேலே ஏற்றினால் இலட்சக்கணக்கானோர் ஏழைகளாகக் கணக்கிடப்படுவர். ஒரு ரூபாய் கீழே இறக்கினால் அவர்கள் பட்டியலிலிருந்து மறைந்துபோவர். கேள்வி கேட்கும் விதமும் கணக்கை மாற்றும். "கடந்த 30 நாளில் காய்கறிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்று கேட்டால் வரும் விடையும், "கடந்த 7 நாளில் எவ்வளவு?" என்று கேட்டால் வரும் விடையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஏழு நாளென்றால் நினைவு தெளிவாயிருக்கிறது, தொகை கூடுகிறது. 1999-2000 ஆய்வில் இந்தக் கேள்வி முறை மாற்றப்பட்டதால், வறுமை மெய்யாகவே குறைந்ததா, கேள்வியினால் குறைந்ததாகத் தோன்றியதா என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர்.

உலக அளவில் உலக வங்கி 1990-இல் நாளொன்றுக்கு ஒரு டாலர் என்ற கோட்டைக் கொண்டுவந்தது. விலைவாசிக்கேற்ப அது உயர்ந்து, 2025 ஜூன் மாதத்தில் 3 டாலராயிற்று. வங்கியில் மாற்றும் டாலர் மதிப்பல்ல இது. அமெரிக்காவில் 3 டாலருக்கு வாங்கக்கூடிய பொருளை அந்தந்த நாட்டில் வாங்க எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிடுகிறார்கள். அதன்படி 2025-இல் உலகில் 80 கோடிக்கு மேற்பட்டோர் கடும் வறுமையில் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது.

புத்தகமும் பூச்சி மாத்திரையும்

இனி, "கொடுப்பது பயன்படுகிறதா?" என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்கரான மைக்கேல் கிரெமர் இளைஞராயிருந்தபோது கென்யா நாட்டில் ஆசிரியராகச் சில காலம் பணியாற்றியவர். பொருளாதாரம் கற்றபின், 1990-களின் நடுவில் மீண்டும் அந்நாட்டின் மேற்குப் பகுதிக்குச் சென்றார். அங்குள்ள பள்ளிகளில் நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு பாடப்புத்தகம்கூட இல்லாத நிலை இருந்தது. புத்தகம் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

கிரெமரும் அவருடைய சகாக்களும் 100 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 25 பள்ளிகளுக்கு முதலில் புத்தகம் வழங்கச் செய்தார்கள். சில ஆண்டுகள் சென்று இரு பகுதியினரின் தேர்வு மதிப்பெண்களையும் ஒப்பிட்டபோது, சராசரியில் முன்னேற்றம் தென்படவில்லை. முன்னமே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மாத்திரம் பயனடைந்திருந்தார்கள். காரணம் என்ன? புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. புத்தகம் கையிலிருந்தும் வாசிக்க இயலவில்லை. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமுமாகப் பிள்ளை வளர்க்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அதே பகுதியில், எட்வர்ட் மிகெல் என்பவரோடு சேர்ந்து கிரெமர் வேறொன்றையும் ஆராய்ந்தார். அங்குள்ள பிள்ளைகளில் மிகுதியானோர் வயிற்றில் பூச்சி இருந்தது. 75 பள்ளிகளை மூன்று அணிகளாகப் பிரித்து, 1998 முதல் ஒவ்வோர் அணியாகப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணமும் ஆளும் இல்லாதபடியால், முந்தியது யார் பிந்தியது யார் என்பதில் பாரபட்சமின்றி அணிகள் அமைக்கப்பட்டன. கடைசி அணிக்கும் மாத்திரை கிடைத்தது. பள்ளிக்கு வராமலிருந்தோரின் அளவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

இந்தக் கணக்கை எல்லாரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2015-இல் வேறு ஆய்வாளர்கள் அதே விவரங்களை வாங்கி மறுபடியும் கணக்கிட்டு, சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். பெரிய விவாதம் எழுந்தது. ஆயினும் அந்தப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. 20 ஆண்டுகளாக அவர்கள் சென்ற இடமெல்லாம் தேடிச்சென்று விசாரித்து, 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுவயதில் கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்களின் மணிக்கூலி 13 விழுக்காடு அதிகமாயிருந்தது. நம் நாட்டிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு கிலோ பருப்பு

மும்பையில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த அபிஜித் பானர்ஜியும், பிரான்சு நாட்டவரான எஸ்தர் டூஃப்லோவும் இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துக்கு வந்தார்கள். அங்கே தடுப்பூசி இலவசம். இருந்தும் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் மிகச் சிலரே. "படிப்பறிவில்லாத ஜனங்கள், மூடநம்பிக்கை" என்று பலர் காரணம் சொல்லியிருப்பார்கள். விசாரித்தபோது, துணைச் சுகாதார நிலையத்து ஊழியர்களில் 45 விழுக்காட்டினர் எந்த வேலைநாளிலும் அங்கே இல்லை என்பது தெரியவந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல மைல் நடந்து வரும் தாய், பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், மறுபடியும் வருவாளா?

எனவே உள்ளூர்த் தொண்டு நிறுவனமான சேவா மந்திருடன் இணைந்து 134 கிராமங்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் மாதந்தோறும் தவறாமல் ஊருக்குள்ளேயே தடுப்பூசி முகாம் நடந்தது. இன்னொரு பகுதியில் முகாமோடுகூட, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தபின் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்தார்கள். மற்றவை வழக்கம்போல் விடப்பட்டன. 2010-இல் வெளியான முடிவு இது: வழக்கம்போல் விடப்பட்ட கிராமங்களில் 6 விழுக்காடு குழந்தைகளும், முகாம் மட்டும் நடந்த கிராமங்களில் 18 விழுக்காடும், பருப்பும் கொடுத்த கிராமங்களில் 39 விழுக்காடும் முழுத் தடுப்பூசி பெற்றிருந்தார்கள்.

பருப்பு கொடுத்தால் செலவு ஏறுமே என்பீர்கள். ஏறவில்லை. முகாமுக்கு வரும் தாதி ஐந்து குழந்தைக்கு ஊசி போட்டாலும் ஐம்பது குழந்தைக்குப் போட்டாலும் அவருடைய நாள் சம்பளம் ஒன்றே. பருப்புக்காகக் கூட்டம் வந்தபடியால், ஒரு குழந்தைக்கு ஆன செலவு பாதியாகக் குறைந்தது. அந்தத் தாய்மார்கள் தடுப்பூசியை வெறுக்கவில்லை. "நாளைக்குப் போகலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். நாமும் மருத்துவப் பரிசோதனையை அப்படித்தானே தள்ளிப்போடுகிறோம்! இன்றைக்கே புறப்பட ஒரு காரணத்தைப் பருப்பு கொடுத்தது.

நம் நகரங்களைப் பற்றியும் ஆய்வு உண்டு. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும், பிரதம் என்னும் அமைப்பு, அந்தந்தப் பகுதியிலுள்ள இளம்பெண்களைக் கொண்டு, வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்தது. இதையும் இவ்வறிஞர்களின் குழு ஆராய்ந்தது. குறைந்த ஊதியம் பெற்ற அந்த இளம்பெண்களிடம் கற்ற பிள்ளைகள், அதிலும் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள், நன்கு முன்னேறினார்கள்.

பானர்ஜி, டூஃப்லோ, கிரெமர் ஆகிய மூவருக்கும் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பானர்ஜியும் டூஃப்லோவும் 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வறுமை ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கியபோது அவர்களோடு இருந்த செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நினைத்தது நடவாதபோது

இந்தப் பணியில் கடினமானது, நாம் நம்பிக்கையோடு செய்த காரியம் பலனளிக்கவில்லை என்று ஒத்துக்கொள்வதே. குழுக் கடன் ஏழைப் பெண்களின் வாழ்வையே மாற்றிவிடும் என்று ஒரு காலத்தில் உலகமெங்கும் பேசப்பட்டது. ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே குழுக் கடன் வழங்கப்பட்டது. முன்னமே சிறு வியாபாரம் வைத்திருந்த சிலர் அதைப் பெருக்கினார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பிலோ, குடும்பத்தின் ஆரோக்கியத்திலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கிருந்த மதிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2015-இல் இவ்வாய்வோடு வெளிவந்த எத்தியோப்பியா, மெக்சிகோ, மொராக்கோ முதலிய நாடுகளின் ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே கூறின. வாரந்தோறும் தவணை கட்டும் நம் சகோதரிகள் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள்.

வேறொரு வழி நல்ல பலன் தந்தது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல், ஏழைகளிலும் மிகவும் ஏழையானவர்களுக்கென்று ஒரு முறையைத் தொடங்கியது. ஒரு மாடோ, சில ஆடுகளோ, விற்பதற்குச் சரக்கோ கொடுப்பார்கள்; கடனாக அல்ல, இலவசமாக. அதை நடத்தப் பயிற்சியும், பசி தாளாமல் விற்றுவிடாதபடி சில மாதங்களுக்கு உணவுச் செலவும் கொடுத்து, சேமிக்கப் பழக்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீடு தேடி வந்து விசாரிப்பார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடையே இதே முறையைச் சோதித்து, 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். உதவி முடிந்து ஓராண்டு கழிந்தபின்னும் பெரும்பாலான நாடுகளில் பலன் நிலைத்திருந்தது. மேற்கு வங்காளத்தில் பத்தாண்டுகள் சென்றபின்னும் அந்தக் குடும்பங்கள் முன்னைவிட நன்றாக உண்டு, சம்பாதித்து வாழ்ந்தன. கானா நாட்டில் பயிற்சியும் விசாரிப்புமின்றி ஆடுகளை மட்டும் பெற்ற குடும்பங்களிலோ அத்தகைய பலன் காணப்படவில்லை.

இதை வாசித்தபோது எங்கள் தையல் மெஷின்கள் என் கண்முன் நின்றன.

வேறு வழியில் நடந்தவர்

சீட்டுப்போட்டுச் சோதிப்பது ஒன்றே வழி என்று எண்ணிவிடாதீர்கள். 2015-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் இம்முறையைக் கடுமையாக விமர்சித்தவர். ஓரிடத்தில் பலித்தது வேறிடத்தில் பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை என்கிறார் அவர். இது மெய்தான். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமித்த திட்டம் தொண்டு நிறுவனம் நடத்தியபோது பலனளித்தது. அதையே அரசாங்கம் நடத்தியபோது பலனளிக்கவில்லை. மேலும், சீனாவில் 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியேறியது சிறு சோதனைகளால் அல்ல. விவசாயச் சீர்திருத்தமும் தொழில் வளர்ச்சியும் கொண்டுவந்த மாற்றம் அது. நாம் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து தலையெடுத்ததும் இங்கே வேலை இருந்தபடியால் அல்லவா?

ஜான் டிரேஸ் என்பவர் 1959-இல் பெல்ஜியம் நாட்டில் பிறந்தவர். நம் நாட்டில் கற்று, 2002-இல் இந்தியக் குடிமகனானார். இராஞ்சியில் எளிய வாழ்வு வாழ்ந்து, மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமங்களில் நடந்து, ரேஷன் கடை திறந்திருக்கிறதா, கூலி கைக்கு வந்ததா, பள்ளியில் சோறு போடுகிறார்களா என்று விசாரிப்பதைத் தம் ஆய்வாகக் கொண்டவர். கிராமக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலைக்கு உறுதியளித்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்கவேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், அது நடைமுறையில் எப்படியிருக்கிறது என்று ஊர் ஊராய்ப் பார்த்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். காமராசர் காலத்து மதிய உணவையும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் உண்டு வளர்ந்த நமக்கு, அந்தச் சோற்றின் அருமை தெரியும்.

பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துவது?

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிடாதிருப்பது நல்லது. உயர்படிப்பில் கணிதமும் புள்ளியியலும் மிகுதி. பட்டப்படிப்பில் பொருளாதாரம், பின்பு முதுகலை. புனேயில் 1930 முதல் நடந்துவரும் கோகலே நிறுவனம், 1949-இல் தொடங்கிய டெல்லி பொருளாதாரப் பள்ளி, ரிசர்வ் வங்கி 1987-இல் மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், 1993-இல் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் பொருளாதாரப் பள்ளி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. முதுகலைக்குப் பின் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், உலக வங்கி, ஐ.நா. அமைப்புகள் எனப் பல வாசல்கள் உண்டு. பெரிய பதவிகளுக்கு முனைவர் பட்டம் வேண்டும்.

தொடக்கத்தில் குளிரூட்டிய அறை இராது. கம்பெனி வேலைக்கு ஒப்பான சம்பளமும் இராது. ஊர் ஊராய்ப் பேருந்தில் செல்லவேண்டும். கேள்வித்தாளை அவ்வூர்ப் பேச்சில் எழுதவேண்டும். வீட்டாரின் சம்மதம் கேட்டபிறகே பேசவேண்டும். அவர்கள் சொன்ன காரியம் பெயரோடு வெளியே போகாதபடி காக்கவேண்டும். முந்தினநாள் ஒருவர் எழுதிவந்த விடைகள் சரிதானா என்று மறுநாள் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று மீண்டும் கேட்பார். கணக்கெடுப்பாளர் மரத்தடியில் உட்கார்ந்து தாமே எழுதிக்கொண்டு வந்திருந்தால் அதில் வெளிப்பட்டுவிடும். பின்பு அந்த எண்களைக் கணிப்பொறியில் ஏற்றி மாதக்கணக்கில் ஆராயவேண்டும்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை மூன்று நான்கு மொழி பேசுகிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் வாழ்வது எப்படி, மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்வது எப்படி என்பதைப் புத்தகத்தில் வாசித்து அறியவேண்டியதில்லை. "நாமே ஏழைகளாயிற்றே" என்று அந்தத் தகப்பனார் தடையாகச் சொன்னதே, இந்தப் பணிக்கு அவளைத் தகுதிப்படுத்துகிறது.

பன்னிரண்டு மெஷின்கள்

கடைசியாக, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை தேட நானும் அந்தச் சகோதரரும் புறப்பட்டோம். மூன்று சனிக்கிழமைகள் ஆயிற்று. 12 வீடுகளில் 11 வீடுகளைக் கண்டுபிடித்தோம். ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. 4 மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. 5 மெஷின்கள் விற்கப்பட்டோ அடகு வைக்கப்பட்டோ போய்விட்டன. ஒன்று கணவரின் ஆபரேஷனுக்கு, ஒன்று அறை டெபாசிட்டுக்கு, மற்றவையும் இப்படியே. 2 மெஷின்கள் துணி சுற்றிக் கட்டிலுக்கடியில் இருந்தன. விரித்து வைக்க வீட்டில் இடமில்லை.

விற்ற சகோதரி ஒருவர் என்னைக் கண்டதும் பயந்து கதவின் பின்னால் நின்றார். நான் வெட்கப்பட்டேன். அவர் தவறு செய்யவில்லையே! அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது மெஷின் அல்ல, மருத்துவச் செலவு. நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஓடிக்கொண்டிருந்த நான்கு வீடுகளிலும் தையல் வேலை கொண்டுவந்து தரும் உறவினரோ கடையோ இருந்ததைக் கண்டோம்.

திரும்பி வந்து அந்தப் பிள்ளையிடம் சொன்னபோது அவள் மகிழ்ந்தாள். உடனே, "ஐயா, மெஷின் கேட்டும் கிடைக்காமல் போன அக்காமார்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? அவர்களையும் பார்த்தால்தானே மெஷினால் என்ன ஆயிற்று என்று தெரியும்?" என்றாள். நான் அவள் தகப்பனாரைப் பார்த்தேன். மூன்று சனிக்கிழமை என்னோடு படியேறி இறங்கிய மனிதர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "எகனாமிக்ஸுக்கு ஃபீஸ் எவ்வளவு ஐயா?" என்று கேட்டார். அந்த ஆண்டே அவள் கல்லூரியில் பொருளாதாரம் சேர்ந்தாள்.

பிரியமான வாசகர்களே, நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் கொடுக்கிறவர்கள். ஊரிலுள்ள தங்கைக்குப் பணம் அனுப்புகிறோம். வெள்ளம் வந்தால் போர்வை கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் வாங்கித் தருகிறோம். கொடுப்பதற்கு முன் ஒருமுறை, கொடுத்து ஆறு மாதம் சென்றபின் ஒருமுறை, அவர்கள் வீட்டுப் படியேறி விசாரியுங்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, அறிந்துகொள்ள. இந்த ஆண்டு எங்கள் சபையில் மெஷின் வாங்கப் புறப்படுமுன், அந்தப் பதினொரு சகோதரிகளையும் பாயில் உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேட்கப்போகிறோம். கேள்விகளை எழுதிக் கொடுக்க அந்தப் பிள்ளை விடுமுறையில் வருகிறாள்.